உப்பு நீரிலிருந்து மீண்ட விமானம்

1968 நவம்பர் 22. டோக்கியோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம், மூடுபனியில் சான் பிரான்சிஸ்கோ ஓடுதளத்துக்குச் சுமார் 4 கிலோமீட்டர் முன்னதாகவே வளைகுடாத் தண்ணீரில் இறங்கிவிட்டது. அங்கே ஆழம் குறைவு. விமானம் தரைதட்டி நின்றது. 107 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அடுத்த கேள்வி, விமானத்தை என்ன செய்வது? உடல் பெரிதாகச் சிதையவில்லை. ஆனால் உப்பு நீர் அலுமினியத்தை அரிக்கும். கம்பிகள், கருவிகள் எதையும் விட்டுவைக்காது. ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். தூக்குவதும் எளிதல்ல. உள்ளே புகுந்த நீரின் கனத்தோடு அவசரமாக இழுத்தால் விமானத்தின் உடலே முறிந்துபோகலாம். சுமார் 55 மணி நேரத்துக்குப் பிறகு, மிதவை மேல் நின்ற கிரேன் அதைத் தூக்கியது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவினார்கள். பழுதுபார்க்கும் வேலையை யுனைடெட் ஏர்லைன்ஸ் ஏற்றது.

பழுதுபார்த்த தொழிலாளர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கடலில் கிடந்ததை இன்னொரு முறை வானத்துக்கு அனுப்புவதென்றால், மிச்சமிருக்கும் துளி உப்பைக்கூட நம்ப முடியாதே! 1969-இல் அது மீண்டும் பறந்தது. 1983 வரை ஜப்பான் ஏர்லைன்ஸிலேயே இருந்தது.