மணம் குன்றாத தக்காளி



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் இரண்டு வகைத் தக்காளிப் பழங்கள் அடுத்தடுத்த கூடைகளில் இருக்கக் காண்கிறோம். ஒன்று உருண்டு திரண்டு, வழவழப்பாக, எங்குத் தொட்டாலும் கெட்டியாக இருக்கிறது. இதனைப் பெங்களூர்த் தக்காளி என்று வழங்குகிறோம். மற்றொன்று சற்றே தட்டையானது, காம்பைச் சுற்றி வரிப் பள்ளங்கள் கொண்டது, மெல்லிய தோலுடையது, அழுத்தினால் சாறு கசிவது. இதுவே நாட்டுத் தக்காளி. ரசத்துக்கு எது ஏற்றது என்று நம் வீட்டு முதியோரைக் கேட்டால் தயக்கமின்றி இரண்டாவதையே காட்டுவர். எனினும், "நாட்டுத் தக்காளிதான் வாங்கினேன், ஊர் ருசி வரவில்லையே" என்று அவர்களே குறைப்படுவதையும் கேட்கிறோம். புளியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பெருங்காயத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். கொச்சித் தண்ணீரின் மேல் பழி சுமத்துகிறார்கள். உண்மையில் குறை கைப்பக்குவத்திலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. பழத்திலேயே இருக்கிறது.

இந்தப் பழங்களில் பெரும்பகுதி நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே வருகின்றது. ஒட்டன்சத்திரம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி ஆகிய சந்தைகளில் ஏற்றப்பட்டு, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, இரவோடு இரவாகக் கொச்சியை வந்து அடைகின்றது. வழியில் நசுங்காதிருக்க வேண்டுமானால் செடியில் கனியும்வரை காத்திருக்க இயலாது. ஆதலின் காயாகவோ செங்காயாகவோ இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். பழம் வழியில் சிவக்கிறது. ஆனால் சிவப்பது வேறு, கனிவது வேறு. செடியோடு இருந்த நாள்களில் இலை ஊட்டியிருக்க வேண்டிய சர்க்கரை, பறித்தபின் பழத்துக்கு வந்து சேர்வதில்லை.

தக்காளியின் சுவை என்பது யாது? இனிப்பு, புளிப்பு, மணம் என்னும் மூன்றின் சேர்க்கை அது. குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் சர்க்கரைகள் இனிப்பைத் தருகின்றன. சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் புளிப்பைத் தருகின்றன. மிக நுண்ணிய அளவில் காற்றில் கலக்கும் பல பொருள்கள் மணத்தைத் தருகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்தைத் தின்று பார்த்தால் இம்மூன்றாவதன் அருமை விளங்கும். அமெரிக்க நாட்டுப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் பிற நாட்டு அறிஞர்களும் ஏறத்தாழ 400 தக்காளி வகைகளை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டனர். இக்காலச் சந்தைக்கென உண்டாக்கப்பட்ட வகைகளில் சுவைக்குரிய பல பொருள்கள் பழைய வகைகளில் இருப்பதைக் காட்டிலும் குறைந்துவிட்டன என்பதே அது. விளைச்சலையும் உறுதியையும் பருமனையும் நாடித் தேர்ந்தெடுத்தபோது, மணத்தைக் கவனிப்பாரின்றி நழுவவிட்டிருக்கிறோம்.

இன்னுமொரு செய்தியும் நமக்குப் பயன்படும். நாட்டுத் தக்காளிகள் பலவற்றில், காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றியுள்ள பகுதி கரும்பச்சையாக இருக்கும். இதனைப் பச்சைத் தோள் என்பர். பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று விரும்பிய பயிர்வல்லுநர் இந்தத் தோள் இல்லாத வகைகளைப் போற்றி வளர்த்தனர். பறிக்கும் பருவத்தை அறிவதும் அதனால் எளிதாயிற்று. ஆனால் அந்தப் பச்சைதான் காயிலேயே சர்க்கரையைச் சமைக்கத் துணைபுரிவது. அதனைப் போக்கிய மரபணு மாற்றம் இனிப்பையும் குறைத்துவிட்டது என்று 2012-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆகவே வீட்டுக்கு வகை தேர்வோர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இது: காம்படியில் பச்சைத் தோள் உள்ள வகை கண்ணுக்கு அழகு குறைந்ததாயினும் நாவுக்கு நன்மை செய்யக்கூடும்.

இவ்வளவும் அறிந்தபின், ஊரிலிருந்து நல்ல விதையைக் கொணர்ந்து ஊன்றுவதே வழி என்று தோன்றும். எங்களுக்கும் அவ்வாறே தோன்றிற்று. பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்தார் உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் வகையைப் பலர் அறிவர். தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர் வகையினின்றும் பிறந்தது அது. தட்டை உருண்டையான காய். பச்சைத் தோள் உடையது. ஊருக்குச் சென்று மீண்டபோது அவ்விதையை வாங்கி வந்து, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பத்து நாற்றுகளை நட்டோம். செடிகள் செழித்தன, பூத்தன, பிஞ்சும் வைத்தன. ஒரு நண்பகலில் ஒரு செடி தலை தொங்கி நின்றது. இலைகள் பழுக்கவில்லை, பச்சையாகவே வாடின. நீர் போதவில்லை என்று கருதிக் குடம் குடமாக ஊற்றினோம். ஒரு வாரத்துக்குள் எட்டுச் செடிகள் மாண்டன. நாம் ஊற்றிய நீரே நோயை ஒரு வேரிலிருந்து மற்றொரு வேருக்குக் கொண்டு சென்றது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இதுவே பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்னும் நுண்ணுயிர் மண்ணில் மறைந்திருந்து, வேர்வழி புகுந்து, தண்டில் நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. ஈரமும் வெப்பமும் புளிப்பும் மிக்க கேரள மண் இதற்குத் தாய்வீடு போன்றது. சோதித்து அறிவதும் எளிது. வாடிய செடியின் தண்டை அடியில் நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நனையுமாறு பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணூல் ஒன்று நீரில் இறங்கும். அதனைக் கண்டால் மருந்து தேட வேண்டா. இந்நோய் கண்ட செடியைக் காப்பாற்றும் மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்கு நடாதிருத்தலே முறை. கீரையும் பயறும் அங்கே நன்கு வளரும்.

ஆகவே வெளிமாநிலத்தில் வாழும் நாம் வகை தேரும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டியவர்களாகிறோம். சுவை உண்டா என்பது ஒன்று. இந்த மண்ணில் உயிரோடு நிற்குமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை சொல்லும் வழிகள் மூன்று உள.

முதல் வழி, இந்த மண்ணுக்கென்றே பிறந்த வகைகளை ஏற்பது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாடல் நோயைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா முதலிய வகைகளை வெளியிட்டுள்ளது. சக்தி பச்சைத் தோள் உடையது. எங்கள் அனுபவத்தில் அதன் புளிப்பு ரசத்துக்கும் தொக்குக்கும் ஏற்றதாகவே இருந்தது. அனகா எளிதில் வெடிக்காத பழம். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்துக்கு அது ஒரு வசதி. பெங்களூருக்கு அருகே எசருகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டை நச்சுயிரியையும் வாடலையும் முன்பருவ இலைக்கருகலையும் தாங்கவல்லது. ஆனால் அது ஒட்டுவிதை. அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே வளரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. திருச்சூரை அடுத்த மண்ணுத்தியிலுள்ள பல்கலைக்கழக விற்பனைக்கூடத்திலும், உள்ளூர்க் கிருஷி பவனிலும் விதைக்கு விசாரிக்கலாம்.

இரண்டாம் வழி, ஊர் விதையை மண்தரையில் நடாது தொட்டியில் வளர்ப்பது. மட்டாஞ்சேரியில் முற்றமே இல்லாத வீடுகள் பல. மொட்டை மாடியோ, ஆறு மணி நேரம் வெயில் விழும் ஒரு படிக்கட்டோ போதும். பதினைந்து இருபது லிட்டர் கொள்ளும் தொட்டியில், நோய் காணாத இடத்து மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூளைக் கலந்து வைத்தால் மண்ணின் புளிப்புத் தணியும். கோடையில் ஈரமண்ணைக் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் இட்டால் நோய்க் கிருமிகளும் குறையும். கிணற்று நீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துக. தொட்டிக்கு இன்னும் ஏற்றது சிறுபழத் தக்காளி. செர்ரி என்று வழங்கும் இவ்வகை பெரும்பாலும் இனிப்பு மிக்கது. வெப்பத்திலும் பிஞ்சு பிடிப்பது.

மூன்றாம் வழி ஒட்டுக்கட்டுதல். வேர் இந்த மண்ணுக்குப் பழகியதாகவும், தலை நாம் விரும்பும் சுவையுடையதாகவும் இருத்தல் இதன் தத்துவம். வாடலைத் தாங்கும் ஹரிதா போன்ற கத்தரி வகையின் நாற்றையோ, நம் வேலியோரத்துச் சுண்டையின் நாற்றையோ அடிச்செடியாகக் கொள்வர். சுண்டை விதை மெல்ல முளைப்பது. ஆதலின் தக்காளிக்குச் சில வாரங்கள் முன்பே அதனை விதைக்க வேண்டும். இரு தண்டுகளும் ஒத்த பருமன் அடைந்ததும், கூரிய கத்தியால் சாய்வாக அரிந்து, வெட்டுவாய்கள் பொருந்த வைத்து, சிறு கவ்வியால் இறுக்கி, ஈரப்பதமுள்ள நிழலில் ஒரு வாரம் காக்க வேண்டும். நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். மண்ணுள் புதைந்தால் தக்காளித் தண்டு தன் சொந்த வேரை விட்டு, பழைய நோய்க்கு மீண்டும் ஆளாகும். மாண்ட எட்டுச் செடிகளுக்குப் பின் எங்கள் வீட்டில் பி.கே.எம். 1 பழுத்தது இம்முறையால்தான்.

வகையைப் போலவே பருவமும் சுவையைத் தீர்மானிக்கின்றது. எடவப்பாதி மழையில் தக்காளி நடுவது வீண். இரவிலும் வெப்பம் தணியாத மாதங்களில் பூ உதிரும். 32 டிகிரிக்கு மேல் வெயில் நீடித்தால் சிவப்பு நிறப்பொருள் உண்டாவது தடைப்பட்டுப் பழம் வெளிறி மஞ்சளாகும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் மழை படாத இடத்தில் விதைத்து, மலையாளத்தார் துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை தணியும் வேளையில் நட்டால், தை மாசியில் பழம் காணலாம். காய் பருக்கும்வரை ஈரம் சீராக இருக்கட்டும். நிறம் திரும்பத் தொடங்கியதும் நீரைச் சற்றே குறைக்கலாம், சாறு செறியும். வாடவிட்டுப் பின் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும்.

பறித்த பழத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டா. பழுத்த தக்காளியை 5 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வைத்தால் மணத்தை ஆக்கும் மரபணுக்கள் ஒடுங்கிவிடுகின்றன என்றும், பின்னர் வெளியில் எடுத்து வைத்தாலும் முழு மணம் மீள்வதில்லை என்றும் 2016-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. காற்றோட்டமான கூடையில், காம்படி கீழிருக்க வைத்தலே நன்று.

நேயர்களே, தக்காளி என்னும் பெயரே ஒரு வரலாறு சொல்கிறது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் நம் வேலியோரங்களில் முன்பே இருந்தவை. கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதிய பழத்தைச் சீமைத் தக்காளி என்று நம்மவர் அழைத்தனர். நாளடைவில் சீமை உதிர்ந்தது. இன்று அதுவின்றி நமக்கு ரசமில்லை. வந்த செடி ஊர்ச்செடியாயிற்று.

எனவே இவ்வாண்டு இரண்டு வகைகளையேனும் அடுத்தடுத்துத் தொட்டிகளில் வளர்த்துப் பாருங்கள்: ஒன்று இவ்வூர் விதை, மற்றொன்று நம் ஊர் விதை. இரண்டையும் ஒரே நாளில் பறித்து, உப்பும் சேர்க்காமல், வீட்டிலுள்ள முதியோர்க்கும் குழந்தைகட்கும் ஒவ்வொரு துண்டு கொடுங்கள். இந்தச் சோதனைக்கு அவர்கள் நாவே போதும். வென்ற செடி ஒட்டுவிதையிலிருந்து வந்ததல்லவெனில், அதன் முதற்பழங்களுள் நன்கு கனிந்த ஒன்றைச் சமையலுக்குக் கொடாமல் விதைக்கு விடுங்கள். சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வகையின் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். ஒரு சிட்டிகையை அடுத்த வீட்டு மலையாள அன்பர்க்கும் கொடுங்கள். நம் செடி வாடினாலும் அவர் தோட்டத்தில் விதை இருக்கும்.