வேட்டைக்குத் தண்டனை போதுமா?





2017 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் ஒரு கொம்பன் யானை கொல்லப்பட்டது. அதன் இரு தந்தங்களும் ஒன்றையொன்று குறுக்கிட்டு வளர்ந்திருந்தமையால் சிங்கள மக்கள் அதனைத் 'தள பூட்டுவா' என்று அழைத்து வந்தனர். நம் நாட்டின் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்கேனும் தந்தம் இருப்பதில்லை. அத்தகைய அரிய உயிர் ஒன்று தந்தத்துக்காகவும், தந்தத்தினுள் விளைவதாகக் கூறப்படும் கஜமுத்துக்காகவும் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் ஒரே குரல் எழுந்தது. 'தண்டனையைக் கடுமையாக்குங்கள்!' என்பதே அக்குரல்.

தண்டனை போதுமா என்ற இக்கேள்வியை இன்று மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்போம்.

நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டு முதல் வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் உண்டு. அது பலமுறை திருத்தப்பட்டு, தண்டனைகளும் உயர்த்தப்பட்டுள்ளன. கென்யா நாடு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கு 2013 ஆம் ஆண்டுச் சட்டம், அழிவை எதிர்நோக்கும் விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு ஆயுட்காலச் சிறை வரை விதிக்க இடமளித்தது. 2 தொன் தந்தம் கைப்பற்றப்பட்ட வழக்கொன்றில் 2016 ஆம் ஆண்டு மொம்பாசா நீதிமன்றம் ஒருவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 2018 ஆம் ஆண்டு மேன்முறையீட்டில், வழக்கிலிருந்த குறைபாடுகள் காரணமாக அவர் விடுதலையானார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் குற்றவாளி என்று கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் அந்த 2 தொன் தந்தம் யானைகளின் உயிர் என்பதை எவராலும் மறுக்க முடியாது. சட்டம் எவ்வளவு கடுமையாயினும், குற்றம் ஐயமற நிறுவப்படாதவிடத்து அது ஏட்டில் எழுதிய எழுத்தே.

நம் தலைநகரும் இத்தகைய காட்சி ஒன்றைக் கண்டது. கென்யாவிலிருந்து டுபாய் நோக்கிச் சென்ற 359 தந்தங்கள் 2012 ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்டன. 2016 ஜனவரி 26 ஆம் திகதி காலி முகத்திடலில் அவை நொறுக்கப்பட்டன. 359 தந்தங்கள் என்றால் குறைந்தது 180 யானைகள்! வேட்டைக்காரன் ஒருவன் காட்டில் நின்று துப்பாக்கியை இயக்கியிருக்கலாம். ஆனால் கொள்கலன் ஏற்றவும், கடல் கடத்தவும், விலை பேசவும் வேறு கரங்கள் வேண்டும். அக்கரங்களைச் சட்டம் எளிதில் எட்டுவதில்லை.

நேயர்களே! முன்சென்ற சமூகங்களின் அழிவுக்குக் காரணம் கூறும்போது, உயர்ந்தோர் திருடினால் விட்டுவிடுவதும் எளியோர் திருடினால் தண்டிப்பதுமே அவர்களின் வழக்கமாயிருந்தது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தண்டனையின் அளவைப் பேசுமுன், அது யார்மீது விழுகிறது என்று கேட்பதே நபிவழி.

வேட்டைக்கான தண்டனையைப் பற்றி அல்குர்ஆன் நேரடியாகவே பேசுகிறது. ஸூரத்துல் மாஇதாவின் 94, 95 ஆம் வசனங்கள் இஹ்ராம் நிலையில் வேட்டையாடுவதைத் தடுக்கின்றன. வேண்டுமென்றே கொன்றவர், கொன்ற பிராணிக்கு ஈடான கால்நடையைப் பலியிட வேண்டும். அல்லது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். அல்லது அதற்குச் சமமாக நோன்பு நோற்க வேண்டும். ஈடு எது என்பதை நீதியுள்ள இருவர் தீர்மானிக்க வேண்டும். தீக்கோழிக்கு ஒட்டகத்தை ஈடாக ஸஹாபாக்கள் தீர்ப்பளித்தனர். செய்த வினையின் விளைவை அவர் சுவைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே, உயிரின் பெறுமதிக்கு ஈடாகாத அற்பத் தண்டம் இஸ்லாம் காட்டும் நீதியன்று. தண்டனை கனமானதாகவே இருக்க வேண்டும்.

ஆனால் அவ்வசனங்கள் தண்டனையிலிருந்து தொடங்கவில்லை, சோதனையிலிருந்து தொடங்குகின்றன. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை நிறுத்தி, மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிக்கிறான். காட்டில் சாட்சியில்லை, காவலர் இல்லை. அங்கே மனிதனைத் தடுப்பது தக்வா ஒன்றே.

அபூகதாதா (ரழி) அவர்களின் சம்பவத்தையும் நினைத்துப் பாருங்கள். இஹ்ராம் அணியாத அவர் காட்டுக் கழுதையொன்றை வேட்டையாடினார். இஹ்ராமில் இருந்த தோழர்கள் அதன் இறைச்சியைப் பற்றி வினவியபோது, அதனைத் தாக்குமாறு உங்களில் எவரேனும் ஏவினீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்றே நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்ற பின்னரே உண்ண அனுமதித்தார்கள். ஈட்டி எறிந்தவரை மட்டுமன்றி, விரல் நீட்டியவரையும் விசாரிக்கும் மார்க்கம் நம்முடையது!

இன்று விரல் நீட்டுபவர் யார்? விலை கொடுத்து வாங்குபவரே. யெமன் நாட்டில் காண்டாமிருகக் கொம்பில் குத்துவாளுக்குப் பிடி செய்வது பெருமையாகக் கருதப்பட்டது. அதற்காக ஆபிரிக்கக் காண்டாமிருகங்கள் கொன்று குவிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தலைமை முப்தி இதற்கெதிராக பத்வா வழங்கினார். 2014 ஆம் ஆண்டு இந்தோனேசிய உலமா சபை, அருகிவரும் விலங்குகளைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் வியாபாரம் செய்வதும் ஹராம் எனத் தீர்ப்பளித்தது. வாங்குபவரின் உள்ளத்தோடு பேச வேண்டும் என்பதை அவ்வுலமாக்கள் உணர்ந்திருந்தனர்.

நமக்கும் இதில் பங்குண்டு. கஜமுத்து அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி அதைத் தேடும் முஸ்லிம், ஓர் உயிரின் கொலைக்கு விலை கொடுப்பதோடு தன் ஈமானையும் விலை பேசுகிறார். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே அல்லவா நிகழ்கின்றன? மான், மரை இறைச்சி வீட்டு வாசலுக்கு வரும்போது, 'பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததுதானே' என்று சமாதானம் சொல்பவர்களும் நம்மில் உள்ளனர். அறுத்த முறை ஒன்று. பெற்ற வழி மற்றொன்று. சட்டம் தடுத்த வேட்டையை, காவலரின் கண்ணுக்கு மறைத்துக் கொண்டுவந்த பின் பிஸ்மில்லாஹ்வால் தூய்மைப்படுத்த முடியாது.

யானையால் வயலையும் உறவையும் இழந்த விவசாயியின் துயரை நாம் மறக்கவில்லை. அவருக்கு வேலியும் நட்டஈடும் வழங்குவது அரசின் கடமை. அத்துயர் வேறு; இலாபத்துக்காகக் கொல்லும் வியாபாரம் வேறு.

எனவே, தண்டனை போதுமா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: தண்டனை கனமாகட்டும், அது சிறியவரோடு நில்லாது பெரியவரையும் எட்டட்டும், அதற்கு முன் நம் கைகள் வாங்குவதை நிறுத்தட்டும். வாங்குபவர் இல்லாத சந்தைக்கு எவரும் தந்தம் கொண்டு செல்வதில்லை.

காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. அந்நாளில் நமக்கெதிராக எவ்வுயிரும் முறையிடாத நிலையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.