வெயிலில் தெரியும் திரை



கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்படுவதை அந்நகரில் வாழும் தமிழன்பர்கள் நன்கறிவர். நிலம் கண்ணுக்கு மறைந்த பின்னர் அவர்களுக்கு வழிசொல்வது ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் வழிகாட்டி. இமயத்தில் மலையேறுவோரும் இதனைக் கையில் ஏந்திச் செல்கின்றனர். வாங்கப் புகுவோர் விலையை வினவுவர், வரைபடத்தை வினவுவர், உச்சிவெயிலில் திரை கண்ணுக்குப் புலப்படுமா என வினவுவோர் சிலரே.

கடையின் விளக்கொளியில் கைப்பேசியின் திரை பளபளக்கும், அருகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியோ சாம்பல் பூத்தாற்போல் மங்கித் தோன்றும். அதுகண்டு அதனை ஒதுக்கிவிடலாகாது. அறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவே. திறந்த வெளியில் நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கைப்பேசித் திரை தன் சொந்த ஒளியைக் கொண்டு இவ்வெயிலோடு போராட வேண்டியுள்ளது. அப்போராட்டத்தில் மின்கலம் விரைவில் தீர்கிறது. கருவி சூடேறிவிட்டாலோ, வேண்டிய நேரத்தில் திரை தானே ஒளியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் பலவற்றில் அமைந்திருப்பது 'டிரான்ஸ்ஃபிளெக்டிவ்' என்னும் வேறு வகைத் திரை. மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சொல் ஒரு தலைவலிதான். 'இருவழி ஒளித்திரை' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இதன் திரவப்படிகப் படலத்துக்குப் பின்னே ஓர் அடுக்கு உண்டு. பகலில் அது வெளியொளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். இரவில் பின்விளக்கின் ஒளிக்கு வழிவிடும். ஆகவே வெயில் ஏற ஏற எழுத்துத் தெளிவடையும். பகையாக வந்த வெயில் பணியாளாகிவிடுகிறது! பகல் முழுவதும் பின்விளக்கை அணைத்தே வைக்கலாம்; மின்கலமும் நீடிக்கும்.

இவ்வகையிலும் வண்ணத்திரை, வண்ணமற்ற திரை என இரண்டு உள. வண்ண வடிகட்டி தன்னுள் புகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை விழுங்கிவிடும். அதனால் வண்ணமற்ற திரையே வெயிலில் அச்சிட்ட தாளைப் போல் விளங்கும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 10 இவ்வகையைச் சார்ந்தது. 2.2 அங்குலத் திரையில் 128க்கு 160 புள்ளிகளே. எனினும் எண்களையும் திசையையும் படிக்க அவை போதும். படகில் செல்வோர்க்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே முதன்மையாதலின், அவர்களுக்கு இதுவே ஏற்றது என்போம். மலையில் ஓடையையும் ஒற்றையடிப் பாதையையும் உயரக்கோட்டையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால், அங்கே வண்ணத்துக்காகச் சிறிது மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புள்ளிகள் மிகுந்தால் வரைபடம் நயமாகத் தோன்றும், உண்மையே. ஆயின் எழுத்தும் நுணுகிவிட்டால் நாற்பதைக் கடந்த கண்களுக்கு அந்நயத்தால் பயனில்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்க இயலுமா என்பதைக் கேட்டறிக. கருவியைக் கடை வாயிலுக்குக் கொண்டுவந்து, பின்விளக்கை அணைத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்க்க விடுவாரிடமே வாங்குக. போலரைஸ்டு வகைக் கறுப்புக் கண்ணாடி அணிவோர் அதனை அணிந்தவாறே பார்த்தல் வேண்டும். ஒரு கோணத்தில் திரை முற்றும் இருண்டுவிடும், கருவியைச் சற்றே திருப்பினால் மீண்டும் தெரியும்.

இரவில் நிலைமை நேர்மாறு. இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரைமணி நேரம் வரை தேவை. வெண்ணிறத் திரையை ஒருமுறை உற்று நோக்கினாலே அப்பழக்கம் கலைந்து, எதிரே வரும் படகு கண்ணில் படாமற் போகலாம். ஆதலின் சுக்கான் பிடிப்போர் பொழுது சாயும்போதே பின்விளக்கை மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்வது நன்று.