மாடும் மரக்கன்றும் ஒரே பலகையில்



தாய்லாந்தின் வடக்கே, லாவோஸை ஒட்டிய 'நான்' மாகாணத்தில் தோய் தியூ என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. மோங் இனத்தார் மாடு வளர்க்கும் ஊர். அருகே நந்தபுரி தேசியப் பூங்கா உருவாகிவந்தது. வனத்துறை மரக்கன்று நட நட மேய்ச்சல் நிலம் சுருங்கியது. மாடு மரக்கன்றை மிதித்து அழிக்கிறது என்றார்கள் வனத்துறையினர். மாடு புல்லைத் தின்பதால்தான் காட்டுத்தீ அடங்குகிறது என்றார்கள் மேய்ப்பர்கள்.

2000களின் இறுதியில் சுலாலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் பொங்சாய் தும்ரோங்ரோஜ்வத்தனாவும் பிரான்ஸின் சிராட் நிறுவன ஆய்வாளர்களும் அங்கே போனார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. விளையாட வைத்தார்கள்! புல், புதர், காடு எனக் கட்டம் பிரித்த பலகை. மேய்ப்பர் மாடுகளை எங்கே விடுவது என்று முடிவெடுப்பார். வனத்துறையினர் மரக்கன்றுக்கு இடம் தேர்வார்கள். சுற்றுக்குச் சுற்று நிலம் மாறுவதை இரு தரப்பும் ஒன்றாகப் பார்த்தன.

அந்த விளையாட்டின் விதிகள் பிறகு கணினி மாதிரியாயின. சிராட் 1990களில் உருவாக்கிய கோர்மாஸ் என்ற மென்பொருள் இத்தகைய வேலைக்கென்றே அமைந்தது. அதில் ஒவ்வொரு மேய்ப்பரும் தனிப் பாத்திரம். ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் தனி இயல்பு. ஒரு விதி பொருந்தவில்லை என்று ஊரார் சொன்னால் அதை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வதைவிட, பேச மறுத்தவர்களைப் பேசவைப்பதே இந்த முறையின் முதல் பயன். தோய் தியூவில் ரூசி என்ற தீவனப் புல்லை வளர்த்து மேய்ச்சலுக்கு விடும் சோதனையை இரு தரப்பும் சேர்ந்து செய்யும் அளவுக்கு அந்தப் பேச்சு முன்னேறியது.

பூட்டானின் லிங்முதேய்ச்சு நீர்ப்பிடிப்புப் பகுதியில் தகராறு நடவுத் தண்ணீருக்கு. மேல்மடை ஊரான லிம்புகாவின் மக்களும் கீழ்மடை ஊரான தோம்போலாவின் மக்களும் இதே முறையில் விளையாடியபோது, ஒரு கட்டத்தில் தங்கள் ஊர்களையே மாற்றிக்கொண்டு ஆடினார்கள்.

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. கணினி மாதிரியால் சட்டத்தை மாற்ற முடியாது. அதிகாரி அமர்ந்திருக்கும் அவையில் ஏழை விவசாயி வாய்திறக்கத் தயங்குவார். இணக்கமான அதிகாரி இடமாற்றலாகிப் போனால் பேச்சும் அறுந்துவிடலாம்.

இன்று பட்டம் பெறும் வனவியல், வேளாண்மைப் பட்டதாரிகளே, உங்களில் பலர் விரைவில் வன மேலாண்மைத் திட்டங்கள் எழுதப்போகிறீர்கள். முதல் வரைவை மேலதிகாரிக்கு அனுப்புமுன், அந்த நிலத்தில் மாடு ஓட்டுபவர்களிடமும் விறகு பொறுக்கும் பெண்களிடமும் காட்டுங்கள். அவர்களுக்குத் தோதான நேரத்தில் கூட்டம் வையுங்கள். அவர்கள் சொன்ன திருத்தம் எதையாவது ஏற்க முடியாவிட்டால், அதற்கான காரணத்தை அறிக்கையிலேயே எழுதிவையுங்கள்.