நெருக்கி நட்டால் என்ன ஆகும்?

நியூசிலாந்தில் ரேடியேட்டா பைன் மரத்தைப் பெருந்தோட்டங்களாக வளர்க்கிறார்கள். அதன் பூர்வீகம் கலிபோர்னியா கடற்கரை.

இந்தப் பைனை நெருக்கி நட்டாலும் தள்ளி நட்டாலும் உயரத்தில் பெரிய வித்தியாசம் வராது. பருமனில்தான் வரும். நெருக்கி நட்டால் மரம் ஒல்லியாக நிற்கும். தள்ளி நட்டால் தடித்து வளரும். வீட்டுத் தோட்டத்தில் முள்ளங்கியை நெருக்கி விதைத்துப் பாருங்கள். இலை தழைக்கும், கிழங்கு பருக்காது. அதே கதைதான்.

அப்படியானால் தள்ளியே நட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இடம் தாராளமாகக் கிடைத்தால் பக்கக் கிளைகள் பெருத்துவிடும். பலகை அறுக்கும்போது கிளை இருந்த இடமெல்லாம் பெரிய முடிச்சு. முடிச்சு விழுந்த பலகைக்கு வலுவும் குறைவு, விலையும் குறைவு. நெருக்கத்தில் வெளிச்சம் படாத கீழ்க்கிளைகள் சிறுத்துக் காய்ந்துவிடும்.

அதனால் முதலில் சற்று நெருக்கி நடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, கோணலும் நோஞ்சானுமான மரங்களை வெட்டிக் களைகிறார்கள். மிஞ்சியவை பருக்கத் தொடங்கும். வெட்டிய மரத்தின் அடியைப் பார்த்தால் இது தெரியும். நெருக்கமாக இருந்த காலத்து ஆண்டு வளையங்கள் மெலிந்திருக்கும். களைந்த பிறகு வந்தவை அகன்றிருக்கும்.

வளர்ந்த மரத்தை வெட்ட மனம் வராதுதான். ஆனால் காலத்தில் களையாத தோப்பில் எல்லா மரமும் ஒல்லியாகவே நிற்கும். மரம் நடப்போகும் நேயர்களே, விறகுக்கா, பலகைக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு இடைவெளியை அளந்து குழி வெட்டுங்கள்.