கட்டடத்துக்கு ஆயுள் கணிப்பது
(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், காலனியில் வசிக்கும் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே, சிமெண்டைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றியிருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. நம் காலனியில் சென்ற ஓராண்டாக, இருவர் சந்தித்தால் பேச்சு ஒன்றில்தான் போய் முடிகிறது. பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? "ஸார், இந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்?" என்று மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேளாதவர் இல்லை. ஜோசியரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றினாலும், இதற்குக் கணக்கு உண்டு.

காங்கிரீட்டினுள் புதைந்த இரும்புக் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? சிமெண்டு இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பின் காரத்தன்மை, கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கவசமொன்றைப் போர்த்தி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து அச்சுண்ணாம்புடன் கூடக் கூட, காரம் குறைகிறது. அந்த மாறுதல் கம்பியை எட்டிவிட்டால் கவசம் அழியும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். துருவோ, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். நம் வீட்டுக் கூரையிலிருந்து விழுகிற பத்தையைக் கீழே தள்ளுவது அந்த வீக்கமே. ஆகவே கட்டடத்தின் ஆயுளில் இரு பருவங்கள்: கம்பியை எட்டும் வரை ஒன்று, எட்டிய பின் ஒன்று. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் டூட்டி 1982-இல் இவ்வாறு பிரித்துக் காட்டினார். இன்றும் பெரும்பாலோர் கைக்கொள்வது அம்முறைதான்.

முதற் பருவத்தைக் கணிப்பது கடினமன்று. வாயு புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. 25 ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மீதி 5 மில்லிமீட்டருக்கு இன்னும் பன்னிரண்டரை ஆண்டு என்று நாம் சொல்லிவிடுவோம். அது தவறு. மொத்தம் 56 ஆண்டு ஆகும். அதாவது இன்னும் 31 ஆண்டு. மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனத்தை இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும்.

இந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஒருமுறை தலைகுனிந்தேன். வேறொரு காலனியில் தூண் ஒன்றைச் சோதித்து, "முப்பது ஆண்டுகளுக்குக் கவலையில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சமையலறை ஜன்னலின் மேலிருந்த சஜ்ஜா முறிந்து விழுந்தது. குழந்தைகள் பள்ளியில் இருந்த நேரம். துளசித் தொட்டி மட்டும் நொறுங்கியது. போய்ப் பார்த்தால், காங்கிரீட்டு கொட்டியவர்கள் கம்பியை மிதித்து அழுத்தியிருந்தார்கள். அங்கே மூடியிருந்த கனம் 8 மில்லிமீட்டரே. அதே கணக்கின்படி 16-ஆம் ஆண்டிலேயே கவசம் போயிருக்க வேண்டும். சூத்திரம் பிழையன்று, நான் அளந்த இடம் பிழை. கட்டடத்தின் ஆயுளை அதன் மிக மோசமான மூலைதான் தீர்மானிக்கிறது. அன்றிலிருந்து ஓரிடம் பார்த்துவிட்டு நான் எண் சொல்வதில்லை.

இரண்டாம் பருவத்தைக் கணிப்பதோ மிகக் கடினம். ஏனெனில் அது ஈரத்தைப் பொறுத்தது. வாயு உலர்ந்த மாதங்களில் எளிதாக நுழைகிறது. துரு ஈர மாதங்களில் வளர்கிறது. இவ்விரண்டையும் மாறி மாறித் தரும் மும்பை காங்கிரீட்டுக்கு மாமியார் வீடு. இங்கே ஒரு சிறு விண்ணப்பம். மேல்வீட்டுக் குளியலறை நஹானி கசிகிறது என்று கீழ்வீட்டார் சொன்னால், தயவுசெய்து அதைச் சண்டையாகக் கொள்ளாதீர்கள். கவசம் போன கம்பிகூட உலர்ந்திருந்தால் பல காலம் பொறுக்கும். கசிவு அந்தத் தவணையைப் பறித்துவிடுகிறது. மழை நின்றால் வெளிச்சுவர் உலரும். அந்தக் குளியலறைத் தளத்துக்கோ ஆண்டு முழுவதும் மழைக்காலம்.

கடலருகே உப்பும் சேர்கிறது. அது காரம் குறையும் வரை காத்திராமலே கவசத்தைத் துளைக்கும். 1978-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி, தளத்துக் கம்பியை மூட 15 மில்லிமீட்டர் போதும் என்றது. 2000-இல் திருத்திய விதி, கடற்காற்று நேரே படும் இடத்துக்கு 45 கேட்கிறது. நம் கட்டடங்கள் முந்தைய விதியின் குழந்தைகள்.

கதவு, ஜன்னல், குழாய், வர்ணம் முதலியவற்றுக்கு வேறொரு வழி உண்டு. பொருளுக்குப் பொதுவான ஆயுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஏழு காரணிகளால் பெருக்குவது: பொருளின் தரம், வடிவமைப்பு, வேலைத்திறம், உட்சூழல், வெளிச்சூழல், பயன்படுத்தும் விதம், பராமரிப்பு. சர்வதேசத் தர விதியிலும் இம்முறை இடம்பெற்றிருக்கிறது. 25 ஆண்டு நிற்க வேண்டிய ஜன்னலுக்கு வேலைத்திறம், வெளிச்சூழல், பராமரிப்பு மூன்றுக்கும் 0.8 என்று போட்டால், விடை 13 ஆண்டுகூட இல்லை. மூன்று சிறு அசட்டைகள் சேர்ந்து பாதி ஆயுளைக் கொண்டுபோய்விட்டன! அந்த 0.8 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பொறியாளரின் அனுபவத்திலிருந்துதான். அதை மறைப்பதில் பயனில்லை.

முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களைப் பொறியாளரைக்கொண்டு சோதிக்க வேண்டும் என்பது இந்நகரின் சட்டம். அந்தச் சோதனைக்கு வருபவர் இரண்டு தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டால், நீங்கள் விடாதீர்கள். குளியலறைக்கு அடியிலும், மொட்டைமாடித் தொட்டியின் கீழும், கடற்பக்கத்து சஜ்ஜாவிலும் துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வரும் எண்ணை வைத்துக்கொண்டு இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று பொதுக்குழுவில் பேசலாம்.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மேடையோரத்து மேசையில் ஒரு சிறு புட்டியும், நம் 'பி' கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி அடியிலிருந்து இன்று காலையில் உடைத்தெடுத்த காங்கிரீட்டுத் துண்டும் வைத்திருக்கிறேன். புட்டியில் இருப்பது பினால்ப்தலீன். உடைத்த முகத்தில் தெளித்தால், காரம் உள்ள இடம் ரோஜா நிறமாகும். போன இடம் நிறம் மாறாது. நாடகம் முடிந்ததும் வாருங்கள். ஓர் அளவுகோலும் கொண்டுவந்திருக்கிறேன். நம் வீட்டில் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று எல்லோருமாகப் பார்த்துவிடலாம்.