புகை எங்கே போகிறது?



2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு, மக்களைச் சந்திக்கச் செல்வதற்கென முழுக்க மின்சாரத்தில் ஓடும் வாகனம் ஒன்று வழங்கப்பட்டது. நம் கெடாரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. நல்லதே, சாலையோரம் பூ விற்கும் தாய் சுவாசிக்கும் புகை குறையும்.

ஆனால், நம் மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்தே வருகிறது. அங்கு வாழ்பவரும் நமக்கு அடுத்திருப்பவர்தானே? வண்டியை மாற்றுவது தொடக்கம். வீண் ஓட்டத்தைக் குறைப்பதே மனமாற்றம். 'இறைவா உமக்கே புகழ்' என்னும் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை, பொதுப் போக்குவரத்தையும் ஒரே வண்டியில் பலர் சேர்ந்து செல்வதையும் நமக்கு நினைவூட்டினார்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் இருக்கையைக் காலியாக விட்டு வராதீர்கள். நடக்க முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டியை அழைத்து வாருங்கள். கோவிலுக்கு அருகில் இருப்போர் நடந்தே வாருங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.